கேபிள் பெட்டியைத் திறக்கும் முன்: பள்ளிக் கணினி அறைக்கு நெட்வொர்க் கம்பி தேர்ந்தெடுப்பது எப்படி?

“சார், நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?”

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தில் உள்ள கணினி அறையில் இணையவழி வினாடி வினா நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வினாக்களில் பதினெட்டு வரை அவள் முடித்திருந்தாள். திடீரென்று இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி உள்ளே போனால் முதல் வினாவிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அவளுக்கு அது மூன்றாவது முறை. பக்கத்துக் கணினியில் இருந்தவர்கள் முடித்துவிட்டு எழுந்துபோனார்கள். இவள் மட்டும் அமர்ந்திருந்தாள்.

“நெட் ஸ்லோம்மா, கொஞ்சம் இரு” என்று சொல்லிச் சமாளித்தேன். இணையத்தின் மீது எந்தத் தவறும் இல்லை என்பது எனக்குத் தெரிய மேலும் நான்கு மாதங்கள் ஆயின. தவறு, நானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கிய கேபிளில் இருந்தது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கல்லூரியில் படித்தது இயற்பியல். கணினியைப் பாடமாகப் படித்ததில்லை. ஆனால், பள்ளியில் கணினி அறைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே! உங்களில் பலரும் என்னைப் போலவே அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பீர்கள். கணினி, புரொஜெக்டர் வாங்கும்போது நாம் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். அவற்றை இணைக்கும் கம்பியை மட்டும் “ஒரு பெட்டி கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். நான் பட்ட அனுபவத்தையும் அதன்பின் கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நான் செய்த பிழை

முன்னாள் மாணவர்கள் எட்டுக் கணினிகளை அன்பளிப்பாகத் தந்தார்கள். அவற்றைப் பழைய கட்டடத்தில் வைத்து, புதிய கட்டடத்தில் இருக்கும் இணைய இணைப்பை அங்கே கொண்டுவரத் திட்டமிட்டோம். முறைப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டோம். கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘கேட் 6 நெட்வொர்க் கேபிள் 305 மீட்டர், ஒரு பெட்டி.’

மூன்று விலைகளும் வந்தன. மூன்றாவது கடையின் விலை மற்ற இரண்டில் ஏறத்தாழப் பாதி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். குறைந்த விலையை விட்டுவிட்டுக் கூடுதல் விலைக்கு வாங்க யாரிடமும் காரணம் இல்லை. என்னிடமும் இல்லை. பெட்டியின் மேல் ‘கேட் 6’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வாங்கிவிட்டோம்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒவ்வொரு கணினியாக இணைப்பு விட்டுவிட்டு வரத் தொடங்கியது. இணைய நிறுவனத்திடம் புகார் செய்தேன். அவர்கள் வந்து பார்த்து, வேகம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கணினிகள் பழையவை என்று நினைத்து, இரண்டைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். அவற்றில் குறையில்லை என்று திரும்பி வந்தன. போக்குவரத்துச் செலவுதான் மிச்சம்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒரு முன்னாள் மாணவர் பள்ளிக்கு வந்தார். நெட்வொர்க் துறையில் வேலை பார்ப்பவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த கேபிளில் ஒரு சாண் வெட்டி, உள்ளே இருந்த மெல்லிய கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை.

“சார், இது செம்புக் கம்பி இல்ல. அலுமினியத்து மேல செம்பு பூசியிருக்காங்க” என்றார்.

இருபது ஆண்டுகளாக மின்தடை எண் பாடம் நடத்தும் எனக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு நெட்வொர்க் கேபிளின் வெளியுறையை உரித்தால் எட்டு மெல்லிய கம்பிகள் தெரியும். அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஆகிய நிறங்களில் ஒவ்வொன்றும், அதனுடன் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்றும் சேர்ந்து ஒரு ஜோடி.

ஏன் முறுக்க வேண்டும்? தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இந்த முறுக்கிய ஜோடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை மிக எளிது. ஒரு ஜோடியில் ஒரு கம்பி +1 என்று அனுப்பினால் மற்றது −1 என்று அனுப்பும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே பார்க்கும். அதாவது 2. வழியில் ஒரு டியூப்லைட்டோ மின்விசிறியோ +3 என்ற இரைச்சலைச் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு கம்பியில் 4, மற்றதில் 2. வேறுபாடு அதே 2தான். இரைச்சல் கழிந்துபோகிறது.

இது நடக்க வேண்டுமானால் இரண்டு கம்பிகளும் இரைச்சலைச் சம அளவில் வாங்க வேண்டும். முறுக்கியிருப்பதால்தான் அது முடிகிறது. ஒரு கம்பி ஓரிடத்தில் விளக்குக்கு அருகில் இருந்தால், அடுத்த முறுக்கில் மற்றது அருகில் வரும். நான்கு ஜோடிகளும் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்காமல் இருப்பதற்காக, ஒவ்வொன்றும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். உரித்துப் பார்த்தால் கண்ணாலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம்.

‘கேட்’ எண்கள் சொல்வது என்ன?

கேட் என்பது கேட்டகரி என்பதன் சுருக்கம். எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை அந்தக் கேபிள் சோதிக்கப்பட்டது என்பதையே எண் காட்டுகிறது.

கேட் 5இ: 100 மெகாஹெர்ட்ஸ் வரை. நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தை 100 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

கேட் 6: 250 மெகாஹெர்ட்ஸ் வரை. 1000 மெகாபிட்டை 100 மீட்டருக்கும், அதைப் போல் பத்து மடங்கு வேகத்தைச் சாதகமான சூழலில் 55 மீட்டர் வரையும் கொண்டுசெல்லும். பெரும்பாலும் நான்கு ஜோடிகளுக்கும் நடுவே கூட்டல் குறி வடிவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும்.

கேட் 6ஏ: 500 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்தப் பத்து மடங்கு வேகத்தை முழு 100 மீட்டருக்கும் கொண்டுசெல்லும். தடிமனானது, விலை அதிகம்.

கேட் 7, கேட் 8 என்றும் கடைகளில் சொல்வார்கள். கேட் 8 என்பது சர்வர்கள் அடுக்கியிருக்கும் பெரிய கூடங்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்துவதற்கானது. பள்ளிக்கு இவை தேவையில்லை.

நமக்கு எது போதும்? நம் கணினிகளும் சுவிட்சுகளும் பெரும்பாலும் 1000 மெகாபிட் வேகத்துக்கு மேல் போவதில்லை. ஆகவே புதிதாக இழுப்பதாக இருந்தால் கேட் 6 வாங்கலாம். ஏற்கெனவே நல்ல செம்பில் கேட் 5இ கேபிள் இருந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. போலியான கேட் 6ஐ விட உண்மையான கேட் 5இ எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 1000 மெகாபைட் அளவுள்ள ஒரு காணொலிப் பாடத்தை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, 100 மெகாபிட் இணைப்பில் குறைந்தது 80 நொடிகள் ஆகும். 1000 மெகாபிட் இணைப்பில் 8 நொடிகள் போதும். கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளில் ஒன்று பழுதானாலும் 1000 மெகாபிட் வேகம் கிடைக்காது. அதற்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே நல்ல சுவிட்சும் நல்ல கணினியும் இருந்தும் இணைப்பின் வேகம் 100 என்று காட்டினால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

செம்பா, செம்பு பூசியதா?

நான் ஏமாந்த இடம் இதுதான். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைக் கடைகளில் ‘சி.சி.ஏ.’ என்பார்கள். முழுச் செம்பை விட விலை மலிவு. கேட் 5இ, கேட் 6 ஆகியவற்றுக்கான தர வரையறைகள் முழுச் செம்புக் கம்பியையே கேட்கின்றன. ஆகவே சி.சி.ஏ. கம்பியில் ‘கேட் 6’ என்று அச்சிட்டிருந்தாலும் அது கேட் 6 ஆகாது.

அதனால் என்ன குறை? அலுமினியத்தின் மின்தடை எண் செம்பைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அலுமினியம் எளிதில் ஒடியும். நான்கு முறை மடக்கி நிமிர்த்தினால் உள்ளுக்குள் முறிந்துவிடும். வெளியுறை மட்டும் நன்றாகவே இருக்கும். முனையில் காற்றுப்பட்டால் ஆக்சைடு படிந்து தொடர்பு தளரும். எங்கள் பள்ளியில் முதலில் நன்றாக ஓடிய இணைப்பு சில மாதங்களில் தடுமாறியது இதனால்தான். கண்காணிப்புக் கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் அதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பும் வழக்கம் இப்போது உண்டு. மின்தடை கூடினால் கம்பி சூடாகும், கருவிக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தமும் குறையும்.

கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, சுரண்டிப் பார்ப்பது. ஓர் அங்குலம் உரித்துப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். முழுச் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். வெள்ளை தெரிந்தால் அலுமினியம். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு.

இரண்டாவது, மடக்கிப் பார்ப்பது. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்குங்கள். செம்பு பல முறை தாங்கும். அலுமினியம் சீக்கிரம் ஒடியும்.

மூன்றாவது, எடை. இதை என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேட் 6 கேபிளில் ஒரு கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.57 மில்லிமீட்டர். எட்டுக் கம்பிகள், 305 மீட்டர் என்றால் மொத்தம் 2440 மீட்டர். உருளையின் கனஅளவு வாய்பாட்டில் போட்டால் சுமார் 623 கன சென்டிமீட்டர் வரும். செம்பின் அடர்த்தி 8.96 என்பதால் பெருக்கினால் 5.5 கிலோவுக்குச் சற்று மேல். இது செம்பின் எடை மட்டும். பிளாஸ்டிக் உறைகளின் எடை தனி. அதே கனஅளவு அலுமினியம் 1.7 கிலோதான் வரும். பெட்டியைத் தராசில் வைத்தாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

நான்காவது, மல்டிமீட்டர். இழுத்து முடித்த கேபிளில் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்குங்கள். மறுமுனையில் அதே ஜோடியின் மின்தடையை அளந்து பாருங்கள். கேபிள் 50 மீட்டர் என்றால் மின்னோட்டம் போய்த் திரும்பும் தொலைவு 100 மீட்டர். தர வரையறைப்படி ஒரு கம்பியின் மின்தடை 100 மீட்டருக்கு 9.38 ஓமுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் இரு கட்டடங்களுக்கு இடையே போன கேபிள் 70 மீட்டர். போய்த் திரும்ப 140 மீட்டர். அதிகபட்சம் 13 ஓம் இருக்கலாம். மல்டிமீட்டர் 18 காட்டியது. அளக்கும் முன், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அப்போது காட்டும் சிறிய அளவைக் கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

எந்த இடத்துக்கு எந்தக் கேபிள்?

சுவரோரமாகப் பைப்பிலோ கேசிங்கிலோ நிலையாகப் போகும் கேபிளில், ஒவ்வொரு கம்பியும் ஒற்றைத் திண்ணிய கம்பியாக இருக்க வேண்டும். பெட்டியில் 305 மீட்டராக வருவது பெரும்பாலும் இந்த வகை. சுவரிலிருந்து கணினிக்குப் போகும் சிறிய துண்டை ‘பேட்ச் கார்டு’ என்பார்கள். மாணவர்கள் கை, கால் பட்டு அசைந்துகொண்டே இருக்கும் என்பதால், அதில் பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பி இருக்கும். இதை ஆலையிலேயே முனை போட்டு வருவதாக வாங்குவது நல்லது.

‘யு.டி.பி.’ என்றால் உலோக உறை இல்லாதது. ‘எஃப்.டி.பி.’, ‘எஸ்.டி.பி.’ என்பவை உலோகத் தாள் அல்லது வலை சுற்றியவை. உலோக உறை இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதை முறையாக எர்த் செய்ய வேண்டும். எர்த் செய்யாத உலோக உறையே இரைச்சலை வாங்கும் ஆன்டெனாவாக மாறிவிடலாம். வகுப்பறைக்கு யு.டி.பி. போதும்.

அறைக்குள் போடும் கேபிளை வெயிலில் போட்டால் ஓரிரு ஆண்டுகளில் உறை வெடித்துவிடும். மழைநீர் உள்ளே இறங்கும். வெளியே போக வேண்டுமானால் வெயிலைத் தாங்கும் உறை கொண்ட, வெளிப்புறத்துக்கென்றே செய்த கேபிளை வாங்க வேண்டும்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போவதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. நாங்கள் வேப்பமரத்தில் கட்டி, துணி காயப்போடும் கயிறு போல அந்த 70 மீட்டரை இழுத்திருந்தோம். அருகில் எங்கோ இடி விழுந்தாலும் அந்தச் செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் ஏறி, இருபுறமும் உள்ள சுவிட்சுகளையும் கணினிகளையும் எரித்துவிடும். மாணவர்கள் தொடும் கருவிகள் அவை. இரு கட்டடங்களை இணைக்கக் கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் கேபிளே பாதுகாப்பானது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. உலோகக் கவசம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இருமுனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறிய கருவி வைத்தால் போதும். நாங்கள் இரண்டாவது முறை இப்படித்தான் செய்தோம்.

தொலைவைப் பொறுத்தவரை, சுவிட்சிலிருந்து கணினி வரை மொத்தம் 100 மீட்டர்தான் எல்லை. சுவருக்குள் 90 மீட்டர், இருமுனை பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர் என்று ஒதுக்குவார்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவே ஒரு சுவிட்ச் வைக்கலாம், அல்லது ஃபைபருக்கு மாறலாம்.

முனை போடுவதில் உள்ள நுட்பம்

நல்ல கேபிளையும் மோசமான முனை கெடுத்துவிடும். ஆர்.ஜே. 45 கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கமும், பித்தளைப் பற்கள் நம்மைப் பார்த்து மேலேயும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக நிறவரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதை ‘568 பி’ முறை என்பார்கள். இரு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி இருப்பதால், எட்டு விளக்குகள் எரியும் சாதாரண டெஸ்டரில் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் 3ஆம் எண்ணும் 6ஆம் எண்ணும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சமிக்ஞையின் இரு பாதிகளும் வேறு வேறு ஜோடிகளில் போகும். முறுக்கால் இரைச்சல் கழியும் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பயனே போய்விடும். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்று மட்டுமே பொருள்.

இரண்டாவது தவறு, முறுக்கை அதிகமாகப் பிரிப்பது. வேலை எளிதாக இருக்கும் என்று இரண்டு அங்குலம் பிரித்துவிடுகிறார்கள். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. வெளியுறையும் கனெக்டருக்குள் போய் அதன் பிடியில் சிக்கியிருக்க வேண்டும். உறை வெளியே நின்று எட்டுக் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால், அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். கேட் 6 கம்பி சற்றுத் தடிமன் என்பதால் கனெக்டரும் கேட் 6க்கு உரியதாக இருக்க வேண்டும்.

கேபிளை இழுக்கும்போதும் கவனம் தேவை. மின்கம்பி போகும் அதே பைப்பில் நெட்வொர்க் கேபிளை விடக்கூடாது; அது இரைச்சலுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான். மூலைகளில் கூர்மையாக மடக்காமல், ஏறத்தாழ ஓர் அங்குல ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். பிளாஸ்டிக் டையை நெரித்துக் கட்டக்கூடாது. தரையில் விட்டால் மாணவர்கள் மிதிப்பார்கள், பெஞ்சுக் கால் நசுக்கும், எலி கடிக்கும். கேசிங் போடுவது வீண் செலவன்று. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிட்டால், பின்னால் பொறுப்பேற்கும் ஆசிரியர் உங்களை வாழ்த்துவார்.

குறை எங்கே என்று அறிவது எப்படி?

ஆள் வைப்பதற்கு முன் நாமே செய்யக்கூடிய சோதனைகள் இவை. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் இணைப்பு போனால் இணையத்தையோ ரவுட்டரையோ பாருங்கள். ஒன்றிரண்டில் மட்டும் அடிக்கடி போனால், பழுதான கணினியின் கேபிளைக் கழற்றி நன்றாக ஓடும் கணினியில் செருகுங்கள். இப்போது இந்தக் கணினியிலும் இணைப்பு போனால் குறை கேபிளில் இருக்கிறது. கேபிளின் மறுமுனையைச் சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றியும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதை நான் முதலிலேயே செய்திருந்தால் இரண்டு கணினிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன்.

விலைப்புள்ளிக் கடிதத்தில் என்ன எழுதலாம்?

குறைந்த விலைக்கு வாங்குவது நம் விதி. அதில் தவறில்லை. ஆனால் மூன்று கடைக்காரர்களும் ஒரே பொருளுக்கு விலை சொன்னால்தான் அந்த ஒப்பீடு நியாயமாக இருக்கும். நான் தரத்தை எழுதாமல் விட்டதால், இருவர் செம்புக்கும் ஒருவர் அலுமினியத்துக்கும் விலை சொன்னார்கள். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. இரண்டாவது முறை எங்கள் கடிதம் இப்படி இருந்தது:

‘கேட் 6 யு.டி.பி. கேபிள், நான்கு ஜோடி, 305 மீட்டர். ஒவ்வொரு கம்பியும் 23 ஏ.டபிள்யூ.ஜி. அளவில் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் ஏற்கப்படாது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், கேட் எண், கம்பி அளவு, மீட்டர் குறியீடு ஆகியவை கேபிளின் உறையில் தொடர்ச்சியாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கேட் 6க்குரிய ஆர்.ஜே. 45 கனெக்டர்கள். பெற்றுக்கொள்ளும்போது ஒரு துண்டு வெட்டிச் சோதிக்கப்படும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். “முழுச் செம்பு” என்ற குறிப்பு ரசீதில் இடம்பெற வேண்டும்.’

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஒரு கடைக்காரர் தாமாகவே விலகிக்கொண்டார். வந்த விலைகளில் குறைந்ததையே தேர்ந்தெடுத்தோம். முதல் முறையை விடச் செலவு அதிகம்தான். ஆனால் ஒரே வேலைக்கு இருமுறை செலவிட்டதைக் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்திலேயே சரியாக வாங்கியிருக்கலாம் என்பது புரிந்தது.

வகுப்பறைக்குள் கொண்டுபோகலாம்

கழற்றிய பழைய கேபிளை நான் எறியவில்லை. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் மின்தடை எண் நடத்தும்போது, செம்புக் கேபிளையும் இதையும் ஒரே நீளத்தில் வெட்டி மல்டிமீட்டரால் அளக்கச் சொல்கிறேன். கணித ஆசிரியர் அளவியல் பாடத்தில் எடைக் கணக்கைக் கொடுக்கிறார். மேல்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் நெட்வொர்க் கேபிள் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. அந்த மாணவர்களுக்கு ஒரு கிரிம்பிங் கருவியும் இருபது கனெக்டர்களும் கொடுத்தால் படத்தில் பார்த்ததைக் கையால் செய்து பார்ப்பார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எட்டு நிறக் கம்பிகளை ஜோடி சேர்க்கும் விளையாட்டாகக்கூடப் பயன்படுத்தலாம். பிளேடு பிடிப்பது மட்டும் ஆசிரியர் வேலையாக இருக்கட்டும்.

புதிய கேபிள் போட்டு முடித்த மறுநாள், அந்த எட்டாம் வகுப்பு மாணவியை அழைத்து அதே கணினியில் உட்கார வைத்தேன். இருபத்தைந்து வினாக்களையும் ஒரே மூச்சில் முடித்தாள். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

“அன்னைக்கு நீ எதையும் தப்பா அழுத்தலம்மா. நான் வாங்குன ஒயர்தான் சரியில்ல” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, “அப்ப நான் அன்னைக்கே முடிச்சிருப்பேன் சார்” என்றாள்.

கருவி பழுதானால் அதைத் தன் பிழை என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் நிறையப் பேர். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு, நம் ஆய்வகத்தில் கிடைக்கும் அந்த நாற்பது நிமிடம்தான் வாய்ப்பு. அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு ஒரு கேபிள் பெட்டி வரும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓர் அங்குலம் உரித்துச் சுரண்டிப் பாருங்கள்.